முற்றத்துக்கு ஒரு கோடு

பாலிக்சி ஊரில் ஷார்ஷெனின் கொட்டகைத் தரையைப் போல மட்டமான தரை வேறு எங்கும் கிடையாது. ஏரிக்கரையில், பழைய துறைமுகத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் இரும்புக் கொட்டகைகளில் கடைசி அவருடையது. படகு வேலை நின்றுபோய்க் கரைக்கு வந்த வருஷம், கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீர் நிரப்பி மூலைக்கு மூலை மட்டம் பார்த்து, தன் கையாலேயே சிமென்ட் போட்டார். காய்ந்த பிறகு நடுவில் ஓர் இரும்புக் குண்டை வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு நகரவில்லை. பதினெட்டு வருஷம் சரக்குப் படகின் இன்ஜின் அறையில் ஆடிக்கொண்டே இருந்த மனிதருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் தூக்கம் போய்விட்டது. வீட்டில் கட்டில் அசையவில்லை. சுவர் முனகவில்லை. மாதக் கணக்கில் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், கொட்டகை வாசலில் சக்கரம் கழற்றிக் கிடந்த பழைய வேனின் பின்சீட்டில் சும்மா சாய்ந்தார். மேற்கேயிருந்து இறங்கும் உலான் காற்று அந்த வேனைப் பிடித்து மெதுவாக ஆட்டியது. எங்கோ ஒரு தகரம் முனகியது. கண் விழித்தபோது டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

அன்றிலிருந்து மத்தியானத்தில் ஒரு மணி நேரம் அவர் வேனுக்குள் போய்விடுவார். பக்கத்துக் கொட்டகை மெலிஸ், வருகிறவர்களிடம், "கேப்டன் ஏரிக்குள்ள போயிருக்கார், கரைக்கு வந்ததும் சொல்லியனுப்பறேன்" என்பான். ஷார்ஷென் கேப்டனாக இருந்ததில்லை. படிக்கட்டு ஏறி மேல்தளத்துக்கு வந்து ஏரியை நிதானமாகப் பார்த்த நாட்களே குறைவு. அவருடைய ஏரி ஒரு சத்தம்தான். தகட்டுக்கு அந்தப் பக்கம் உரசிக்கொண்டே போகிற சத்தம்.

உறக்கத்திலும் அவர் காது மூடுவதில்லை. சாலையில் போகிற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கனவுக்குள் வந்து போகும். ஒன்று இருமும், ஒன்று பல்லைக் கடிக்கும். அக்டோபரில் ஒரு நாள் கனவில் ஏரிமீது நீல நிறத்தில் மூடுபனி எழுந்தது. பனி மூக்கில் எரியாதே என்று கனவிலேயே யோசித்தார். விழித்துப் பார்த்தால் வேன் ஜன்னலுக்கு வெளியே நிஜமாகவே நீலப் புகை.

புகைக்கு நடுவிலிருந்து துர்சுனாய் இறங்கினாள். நாற்பத்தைந்து வயது. நரினுக்கும் பாலிக்சிக்கும் நடுவில் ஷேர் டாக்சி ஓட்டுகிறவள். தோலோன் கணவாய் வழியில் ஸ்டியரிங் பிடிக்கிற பெண் அவள் ஒருத்திதான்.

"அண்ணே, இது காரா, குடிகாரனா? வாரத்துக்கு ஒரு கேன் ஆயில் குடிக்குது. பின்னாடி வர்ற வண்டிக்காரன் எல்லாம் திட்டறான்."

"எப்பலேருந்து?"

"புது வீட்டுக்குப் போனோம்ல, அதுலேருந்து. வீட்டு ராசின்னு என் நாத்தனார் சொல்றா. நாங்க தனியா வீடு கட்டினதே அவளுக்குப் பொறுக்கலை, அது வேற கதை."

புகை வாசனை பிடித்து மெலிஸும் வந்துவிட்டான். "பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு அக்கா. இதைப் பார்க்கணுமா என்ன? இன்ஜினை இறக்கிட்டு வேற ஏத்திடலாம். ஜப்பான்லேருந்து வந்த பழசு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, முத்து மாதிரி."

"அதைத்தான் என் வீட்டுக்காரரும் சொல்றார். குதிரையைக் கொடுத்துட்டு இன்ஜின் வாங்கிடலாம்னு."

"எந்தக் குதிரை?" என்றார் ஷார்ஷென்.

"ஒண்ணுதானே இருக்கு. மஞ்சள் பெட்டை. இந்த வருஷம் சினை நிக்கலை. குளிர்கால இறைச்சிக்கு ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்." அவள் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு எங்கிட்ட நாலு வார்த்தை பேசுவார். மிச்சமெல்லாம் அதுகிட்டத்தான்."

ஷார்ஷென் அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்து, கிண்ணத்தின் அடி மூழ்கும் அளவுக்கு டீ ஊற்றி அவளிடம் நீட்டினார். கிண்ணம் நிரம்ப ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் உட்கார வேண்டும், இன்ஜின் ஆற வேண்டும். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும்.

ஆறியதும் பானட்டைத் தூக்கி, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். துடைத்து, மறுபடி இறக்கி, மறுபடி உருவினார். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஒன்றரை விரல் ஏறியிருந்தது. எண்ணெய் குடிக்கிற வண்டியில் எண்ணெய் குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? விரலில் தொட்டு முகர்ந்தார். பெட்ரோல் வாசனை இல்லை. பால் கலந்ததுபோல வெளுக்கவும் இல்லை, எனவே தண்ணீரும் கலக்கவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தார். நாலும் ஒரே அளவு காட்டின. ரிங் தேய்ந்த இன்ஜின் அப்படிக் காட்டாது. கடைசியில், இன்ஜின் மூச்சு விடுகிற ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் நுரைத்து வழிந்தது.

"யார் ஊத்தறது?"

"வீட்டுக்காரர்தான். காலைல நான் எழுந்திரிக்கறதுக்குள்ள எல்லாம் பார்த்துடுவார்."

"நிறைய ஊத்திட்டார் தங்கச்சி. அளவுக்கு மேல போனா உள்ளே சுத்தற தண்டு எண்ணெயில இடிக்கும். குதிரைப்பால் கடையற மாதிரி கடைஞ்சு நுரையாக்கிடும். அந்த நுரை இந்தக் குழாய் வழியா ஏறிப் போய் எரியுது. உன் வண்டி குடிகாரன் இல்லை. வாயைப் பிடிச்சு ஊத்தறீங்க."

"அவர் கம்பியைப் பார்க்காம ஊத்தவே மாட்டார் அண்ணே. ஆடு எண்ணினாக்கூட ரெண்டு தடவை எண்ணற மனுஷன்."

ஷார்ஷென் அடியிலிருந்த திருகைக் கழற்றினார். அதிகமாக இருந்ததை வடித்தார். குழாயைக் கழுவி மாட்டினார். எண்ணெய் சரியாக மேல்கோட்டில் நின்றதைக் கம்பியில் அவளுக்குக் காட்டினார். "இனிமே குடிக்காது" என்றார். வழக்கமாக அவர் அப்படி அடித்துச் சொல்கிறவர் இல்லை. மெலிஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவள் மறுபடி வந்தாள். இந்த முறை புகை கொட்டகை வரிசை முழுவதையும் மூடியது.

"நீங்க தொட்டப்புறம்தான் அண்ணே ரொம்பக் குடிக்குது!" கதவை அறைந்து சாத்தினாள். "மறுநாள் காலைல கம்பியில நுனி மட்டும்தான் நனைஞ்சிருந்துச்சாம். மேலெல்லாம் காஞ்சு கிடந்துச்சாம். பயந்து போய் அரைக் கேனுக்கு மேல ஊத்தியிருக்கார். ஒரே ஒரு நாள்! நான் இங்கேருந்து வீட்டுக்குப் போனது மட்டும்தான்."

"வழியில எங்கேயாவது ஒழுகுச்சா?"

"அடியில பார்த்தேன். காய்ஞ்சு கிடக்கு."

ஷார்ஷென் கம்பியை உருவினார். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல். கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய தரையில் நிற்கும்போது வண்டி நிரம்பி வழிகிறது. கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் வறண்டு போகிறது.

மெலிஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். "கேப்டன், படகு இன்ஜின் வேற, இது வேற. இதுக்கு ரிங்தான். அக்கா, நான் சொன்னா வியாபாரம் பேசறேன்பீங்க. ஆனா பாருங்க, புகை யார் பக்கம் பேசுது?"

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றாள் துர்சுனாய். பிறகு ஷார்ஷெனைப் பார்த்து, கோபம் வடிந்த குரலில் சொன்னாள்: "இறைச்சிக்குக் கேட்ட குதிரைக்காரர் வந்து பல்லைப் பார்த்துட்டுப் போயிட்டார் அண்ணே. நாளைக்குக் காலைல லாரியோட வர்றாராம். இன்னும் கை கொடுத்துப் பேரத்தை முடிக்கலை. நாளைக்குக் கொடுத்துடுவோம். இன்ஜின் இல்லாம நான் என்ன பண்றது, சொல்லுங்க? என் சம்பாத்தியத்துலதான் குடும்பம் நடக்குது."

அவர் இந்தத் தடவை ஒரு சொட்டுகூட வடிக்கவில்லை. பானட்டை மூடினார். கொட்டகைக்குள் போய்த் தொப்பியையும், ஒரு சாவிக் கட்டையும், சின்ன அரத்தையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

"வண்டியில எத்தனை பேர் ஆச்சு?"

"மூணு பேர். இன்னும் ஒரு ஆள் வேணும்."

"நான்தான் அந்த ஆள். கிளம்பு."

"கேப்டன் கப்பலேறிட்டார்!" என்று மெலிஸ் வரிசைக்கே கேட்கும்படி கத்தினான்.

முன்சீட்டில் ஷார்ஷென் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு பெண்களும், மடியில் கருவாட்டு மூட்டை வைத்த ஒரு பெரியவரும். ஏரி பக்கவாட்டுக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் கூடவே வந்தது. பிறகு ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டது. அவர் கணவாய் தாண்டிப் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"புகையில மீன் நல்லா பதமாகும்" என்றார் பெரியவர் பின்கண்ணாடியைப் பார்த்து. "தனியா கூலி கேட்டுடாதே தாயி."

"கேட்கத்தான் போறேன். உங்க மூட்டை நாத்தத்துக்குச் சேர்த்து" என்றாள் துர்சுனாய்.

கோச்கோர் தாண்டியதும் பேச்சு அடங்கியது. வெயில் மஞ்சளாகிப் புல்லில் படுத்திருந்தது. சாலை ஏறியது, திரும்பியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிர்ந்தார்கள். ஷார்ஷெனுக்கு இமை கனத்தது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் கண்ணை மூடினார். நல்ல இன்ஜின். இருமல் இல்லை, தட்டல் இல்லை. வயிறு புடைக்கச் சாப்பிட்டவன் படி ஏறுவதுபோல மூச்சு மட்டும் வாங்கியது. அந்தச் சத்தம் மெல்ல மெல்ல வேறு ஒரு சத்தத்துக்குள் போய்க் கலந்தது. இரும்புப் படிக்கட்டு. மஞ்சள் பல்பு. ஆணிப் பெட்டிமேல் கண்ணாடிக் கோப்பையில் டீ. டீ ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. யாரோ அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் டீயைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது காதில் விழுவதற்குள் கணவாய் உச்சியின் குளிர் கதவிடுக்கில் நுழைந்து எழுப்பிவிட்டது. வெளியே புதுப்பனி. அதன்மேல் அவர்கள் விட்டுவந்த புகை நீலக் கோடாகக் கீழே வரைக்கும் படுத்திருந்தது.

மற்றவர்களை இறக்கிவிட்டுக் கோக்-பேல் கிராமத்துக்கு வந்தபோது அந்தி மங்கிவிட்டது. துர்சுனாயின் கணவர் கெங்கெஷ் வாசலில் காத்திருந்தார். மெலிந்த மனிதர், தொப்பியைக் கொஞ்சம் தூக்கி மரியாதை சொன்னார், அவ்வளவுதான். மனைவியின் கையிலிருந்து சாவியை வாங்கி வண்டியை அவரே கொண்டுபோய் நிறுத்தினார். வறுத்த இறைச்சியும் ரொட்டியும் வந்தன. சாப்பிடும்போது ஷார்ஷென் கேட்டதற்கெல்லாம் அவர் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். குதிரையைப் பற்றிக் கேட்டபோது அந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்து வெளியே போனார். கொட்டிலிலிருந்து அவர் குரல் தாழ்வாக, நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் ஷார்ஷென் விழித்தது ஒரு மூடி திருகப்படும் சத்தத்தில். எழுந்து கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். உறைபனி விழுந்து கிராமம் வெளுத்திருந்தது. வீடுகள் எல்லாம் மலைச்சரிவில் மேலிருந்து கீழாக இறங்கின. எல்லா வீட்டு முற்றத்திலும் வண்டிகள் ஒரே திசையில், தண்ணீர் குடிக்கப் போகும் மந்தை போல ஆற்றைப் பார்த்து நின்றன. கெங்கெஷ் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு கையில் கேனுடன் நின்றிருந்தார்.

"ஊத்திட்டீங்களா, மாப்பிள்ளை?"

கெங்கெஷ் இல்லை என்று தலையசைத்தார். கம்பியைத் துடைத்து இறக்கி, உருவி, இரண்டு கையாலும் நீட்டினார். ஈரம் கீழ்க்கோட்டைக்கூட எட்டவில்லை. ஷார்ஷென் வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார். அதேதான். நேற்று மத்தியானம் இரண்டு விரல் அதிகமாக இருந்த எண்ணெய். வழியில் எவ்வளவு புகைந்திருந்தாலும் அத்தனையும் போயிருக்காது.

"ரெண்டு தடவை பார்த்தேன்" என்றார் கெங்கெஷ். அவர் முகம் சிவந்திருந்தது. "நான் கண்ணை மூடிட்டு ஊத்தறவன் இல்லை."

"தெரியுது."

துர்சுனாய் தோளில் சால்வையோடு வந்து இருவருக்கும் டீ கொடுத்தாள். கிண்ணத்தில் கால்வாசி. ஷார்ஷென் ஒரு வாய் குடித்துவிட்டு, கையுறை மாட்டுவதற்காகக் கிண்ணத்தை இன்ஜின் பக்கத்துத் தகட்டின்மேல் வைத்தார். ஒரு கையை மாட்டினார். இரண்டாவது கையை மாட்டவில்லை.

கிண்ணத்தில் டீ நடுவில் நிற்கவில்லை. ஆற்றுப் பக்கத்து விளிம்பில் ஒதுங்கிப் பிறைபோல நின்றது. எதிர்ப்பக்கம் கிண்ணத்தின் அடி தெரிந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி எழுந்து அவர் முகத்தில் பட்டது. படகில் எண்ணெய் பார்க்கும் முன்னால் முதலில் டீயைத்தான் பார்ப்பார்கள். சரக்கு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, படகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று டீ சொல்லும். அதைக் கூட்டிக் கழித்துத்தான் கம்பியை நம்புவார்கள். பதினெட்டு வருஷம் தினமும் செய்தது. கரைக்கு வந்து, மட்டமான தரை போட்டு, இரும்புக் குண்டு நகரவில்லை என்று சந்தோஷப்பட்டபோது அதை மறந்தார். உலகம் முழுக்கத் தன் கொட்டகைத் தரை போலத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை வண்டியை இப்படி நிறுத்தறீங்க? மூக்கைக் கீழே விட்டு?"

கெங்கெஷுக்குக் கேள்வியே புரியவில்லை. "வேற எப்படி நிறுத்தறது? காலைல பேட்டரி எழுந்திரிக்காது. பிரேக்கை விட்டா உருளும், கியரைப் போட்டா பிடிச்சுக்கும். இந்த ஊர்ல எல்லாருமே அப்படித்தான்."

"முன்னாடி இருந்த வீட்டுல?"

"அது ஆத்தோரம். தட்டையான இடம். அங்கே தள்ளித்தான் விடுவோம்."

ஷார்ஷென் சிரித்துவிட்டார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "துர்சுனாய், உன் நாத்தனார் சொன்னது சரிதான். வீடுதான் காரணம்."

"ஐயோ, அதை மட்டும் அவ காதுல போட்டுடாதீங்க!"

"உள்ளே எண்ணெய் இந்த டீ மாதிரி முன்பக்கம் ஓடிப் போய் நிக்குது. கம்பி பின்பக்கம் இறங்குது. அங்கே எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கும். கம்பி காய்ஞ்ச மாதிரித்தான் வரும். நம்பலைன்னா வாங்க. இந்த ஊர்லயே மட்டமான இடம் எது?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி ஓர் இடத்தை அவர்கள் தேட வேண்டியே வந்ததில்லை.

"பள்ளிக்கூட மைதானம்" என்றார் கெங்கெஷ்.

"அங்கே பந்து விட்டா ஆத்துலதான் நிக்கும்" என்றாள் துர்சுனாய். "பாலம். பாலம் மட்டும்தான் நேரா இருக்கு."

இன்ஜினை எழுப்பாமலே பிரேக்கை விட்டார்கள். வண்டி சத்தமில்லாமல் உறைபனியை நொறுக்கிக்கொண்டு சரிவில் இறங்கியது. ஸ்டியரிங்கில் துர்சுனாய், இரண்டு ஆண்களும் பக்கத்தில் நடந்தார்கள். மரப்பாலத்தின் நடுவில் வண்டி தானாக நின்றது. ஷார்ஷென் கிண்ணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதே தகட்டில் வைத்தார். டீ நடுவில் நின்றது.

"கொஞ்சம் பொறுங்க. எண்ணெய் குளிர்ல மெதுவாத்தான் நடக்கும்."

பொறுத்தார்கள். கீழே ஆறு, ஓரங்களில் மட்டும் பனிக்கட்டி கட்டியபடி போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் அந்தப் பக்கம் ஓர் ஆட்டு மந்தை வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. லாரியிலிருந்து தோல் தொப்பி போட்ட ஒரு பருத்த மனிதர் தலையை நீட்டினார். கெங்கெஷ் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கசக்கினார். குதிரைக்காரர்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

கெங்கெஷே கம்பியை உருவினார். மேல்கோட்டுக்கு மேல் ஒன்றரை விரல். துடைத்தார், இறக்கினார், உருவினார். ஒன்றரை விரல். ஆடு எண்ணுகிறவர் மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"தினமும் ஊத்தினேன்" என்றார் மெதுவாக. "அவ கணவாயில நின்னுடக் கூடாதேன்னு."

துர்சுனாய் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்த ஆளுக்குக் கால் கிண்ணம் ஊத்தத் தெரியுதுல்ல மாப்பிள்ளை?" என்றார் ஷார்ஷென். "வண்டிக்கு மட்டும் வழிய வழிய ஊத்தினா என்ன அர்த்தம்? குடிச்சுட்டுக் கிளம்புன்னுதானே? அதுவும் பாவம், மரியாதை தெரிஞ்ச வண்டி, கிளம்பப் பார்த்திருக்கு."

கெங்கெஷ் சிரிப்பதை ஷார்ஷென் அப்போதுதான் பார்த்தார். முன்பல் ஒன்று இல்லை.

"ஒரு பாத்திரம் வேணும். வேகமா."

துர்சுனாய் ஓடிப்போய் ஒரு சட்டியோடு வந்தாள். ஷார்ஷென் பாலத்துப் பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். கெங்கெஷ் மண்டியிட்டுச் சட்டியைப் பிடித்தார். திருகு கழன்றது. கறுத்த எண்ணெய் முதலில் நூலாக, பிறகு கயிறாக இறங்கியது. கெங்கெஷின் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை வழிந்தது. போதும் என்ற இடத்தில் ஷார்ஷென் விரலால் அடைத்துத் திருகை இறுக்கினார்.

"அது நான் மாவு பிசையற சட்டி" என்றாள் துர்சுனாய்.

"இனிமே இல்லை" என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல்.

லாரி ஹாரன் அடித்தது. ஆடுகள் சிதறிப் பாலத்துக்குள் புகுந்து வண்டியின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. குதிரைக்காரர் இறங்கி, ஆடுகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

"என்னப்பா, பாலத்துலயா வண்டி கழட்டறது? நான் சந்தைக்குப் போகணும். குதிரை ரெடியா?"

"வண்டியை எழுப்பு தங்கச்சி" என்றார் ஷார்ஷென்.

அவள் சாவியைத் திருப்பினாள். பேட்டரி ஒரு முறை முனகிப் பிறகு பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து புகை புறப்பட்டது. நீலம். கெட்டியான நீலம். ஆடுகள் தும்மின. குதிரைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இந்த அடுப்புக்காகவா யோசிச்சுக்கிட்டிருக்கே? இதுக்குப் புது இன்ஜின்தான் வைத்தியம். வா, கை கொடு, முடிச்சுடுவோம்."

கெங்கெஷ் ஷார்ஷெனைப் பார்த்தார். போன தடவையும் இந்த மனிதர்தான் வடித்தார், இனிமேல் குடிக்காது என்றார். மறுநாள் கம்பி காய்ந்து வந்தது. அந்தப் பார்வையில் இதெல்லாம் இருந்தது. அவர் கேட்கவில்லை, கேட்கிற பழக்கமில்லாதவர்.

"குழாய்ல ஊறினது மிச்சம் இருக்கு. எரிஞ்சு தீரணும்" என்றார் ஷார்ஷென். "ஒரு கிண்ணம் டீ குடிக்கிற நேரம்." தகட்டில் இருந்த கிண்ணத்தை எடுத்தார். டீ முழுசாக ஆறிவிட்டிருந்தது. ஆனாலும் சூடாக இருப்பதுபோல ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். அவருடைய வாழ்க்கையில் அத்தனை நீளமான டீயைக் குடித்ததில்லை. இன்ஜின் சத்தம் மட்டும் அவர் காதில் இருந்தது. வயிறு புடைத்த மூச்சு இப்போது இல்லை. படியேறி முடித்து உட்கார்ந்தவன்போல அது நிதானமாக மூச்சுவிட்டது.

புகை நீலத்திலிருந்து சாம்பலானது. சாம்பலிலிருந்து வெளுத்தது. பிறகு குளிர்காலக் காலையில் மாட்டு மூக்கிலிருந்து வருகிற ஆவி மாதிரி, வெறும் ஆவியாகப் பாலத்தைத் தாண்டிப் போய்க் கரைந்தது. துர்சுனாய் கீழே இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். கையை அந்த ஆவியில் வைத்து, முகர்ந்து பார்த்தாள்.

"வா, வா, நேரமாகுது" என்று குதிரைக்காரர் கையை நீட்டினார்.

கெங்கெஷ் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மணிக்கட்டு வரை கறுப்பு. சொட்டியது.

"கை எண்ணெயா இருக்கு."

"துடைச்சுட்டுக் கொடு."

"இது துடைச்சாப் போகாது" என்றார் கெங்கெஷ்.

குதிரைக்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார், கெங்கெஷின் முகத்தைப் பார்த்தார். குதிரை வாங்குகிறவருக்கு மனிதர்களையும் கொஞ்சம் பார்க்கத் தெரியும். நீட்டிய கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "என்னை விடியக்காலைல எழுப்பினது நீங்க" என்று முணுமுணுத்துவிட்டு லாரிக்குப் போனார். அந்தச் சாலையில் திரும்ப இடமில்லை. ஆடுகள் வந்த வழியே வெகுதூரம் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.

வண்டியை மறுபடி முற்றத்துக்கு ஏற்றி, வழக்கம்போல மூக்கைக் கீழே விட்டு நிறுத்தச் சொன்னார் ஷார்ஷென். எண்ணெய் ஓடி முன்னால் தங்கும்வரை எல்லோரும் ரொட்டி சாப்பிட்டார்கள். பிறகு கம்பியை உருவி, ஈரம் முடிகிற இடத்தில், கீழ்க்கோட்டுக்கும் வெகு கீழே, அரத்தால் ஒரு கோடு கீறினார். இரும்புத் தூள் பனியில் விழுந்தது.

"மேலே இருக்கிற ரெண்டும் ஊருக்கெல்லாம். இது உங்க முற்றத்துக்கு. ஈரம் இதைத் தொட்டா ஒரு சொட்டும் வேண்டாம்."

கெங்கெஷ் கண்ணால் பார்த்தது போதாதென்று கட்டைவிரல் நகத்தால் அந்தக் கீறலைத் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டும் ஒரு தடவை.

மத்தியானம் ஆள் சேர்ந்து துர்சுனாயின் வண்டி கணவாய்க்குக் கிளம்பியது. முன்சீட்டில் ஷார்ஷென் பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் சாலை இருந்தது. பனி இருந்தது. வேறு எதுவும் இல்லை. பாலத்தைத் தாண்டித் திரும்பும்போது சரிவில் அவர்கள் வீடு தெரிந்தது. கொட்டிலுக்கு வெளியே மஞ்சள் குதிரை நின்றது, பக்கத்தில் விரல் அளவுக்கு ஒரு மனிதர். கழுவாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குதிரையின் காதருகே தலையைச் சாய்த்து, ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றார் இவ்வளவு நேரம்?"

"எனக்கென்ன தெரியும்? எங்கிட்டயா பேசறார்?" என்றாள் துர்சுனாய். ஆனால் வேகத்தைக் குறைத்தாள். அந்தத் திருப்பம் முடியும்வரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த திருப்பத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். ஷார்ஷென் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். கணவாய் உச்சி வருவதற்கு முன்பே உறங்கிவிட்டார். இந்த முறை குளிராலும் அவரை எழுப்ப முடியவில்லை.